பிரேக் பிடிக்கலைன்னு மூணாவது தடவை

ஹலோ... ஹலோ, பாப்பா, நான் அண்ணன் பேசறேன்... ஆமா, ஷெட்லேர்ந்துதான்... இல்லல்ல, அடிகிடி ஒண்ணும் இல்ல, பதறாத. உன் வீட்டுக்காரர் நல்லாத்தான் இருக்காரு. எதிர் சலூன்ல உக்காந்திருக்காரு. இங்கேர்ந்து கண்ணாடி வழியா தெரியறாரு, மூஞ்சி முழுக்க நுரை... ஆமா, சும்மா கூப்பிட மாட்டேன்தான். நீ முதல்ல அந்த பைண்டிங் மெஷின் பக்கத்துலேர்ந்து வெளிய வா. கடகடங்கற சத்தம்தான் கேக்குது, உன் குரல் கேக்கல.

...

வந்துட்டியா... கையெல்லாம் பசையா? துடைச்சுக்க, லைன்லயே இருக்கேன்... சூப்பர்வைசர் எத்தனை நிமிஷம் குடுத்திருக்காரு?... பத்தா. போதும்... போதாது. சரி, சொல்றேன்.

வண்டி விஷயம்தான்... ஆமா, பிரேக்குதான்... ஆமா ஆமா, மூணாவது தடவை. அது இருக்கட்டும். நீ குறுக்க பேசாம கேளு பாப்பா. நடுவுல நிறுத்தினா அப்புறம் எனக்குச் சொல்ல வராது.

முதல் தடவை வந்தப்ப என்ன சொன்னாரு, "பிரேக் பிடிக்க மாட்டேங்குது மச்சான், பெடல் சொதசொதன்னு உள்ள போகுது"ன்னாரு. சரின்னு முன்சக்கரம் ரெண்டையும் கழட்டினேன். பிரேக் பேடு ரெண்டும் புதுசு மாதிரி இருக்கு. நான் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, தினம் காலையும் சாயங்காலமும் ஸ்கூல் பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஓடற வேன், கால்வாசி கூட தேயல. அன்னிக்கே எனக்கு உறைச்சிருக்கணும்...

என்ன, தேயலன்னா நல்லதுதானா? இல்லம்மா. பிரேக் அடிச்சா அது தேஞ்சுதான் ஆகணும். தேயலன்னா யாரும் அடிக்கலன்னு அர்த்தம். ஆனா நான் என்ன பண்ணேன், நல்ல பேடாப் பாத்துப் போட்டிருக்கேன்னு என் முதுக நானே தட்டிக்கிட்டேன். குழாய்க்குள்ள காத்து பூந்திருக்கும்னு காத்த எடுத்துட்டு, புது ஆயில் ஊத்தி அனுப்பி வெச்சேன்.

... ம்... ஆமா, அன்னிக்கு சந்தோஷமாத்தான் போனாரு. ஹாரன் அடிச்சுட்டுப் போனாரு.

பத்து நாள் கழிச்சு திரும்ப வந்தாரு, அதே பாட்டு. இந்தத் தடவை, பெடல அமுக்கினா ஆயிலத் தள்ளுமே, அந்த மாஸ்டர் சிலிண்டரையே இறக்கி உள்ள இருக்கற ரப்பர் எல்லாத்தையும் மாத்தினேன். அப்படியே பின்சக்கரத்தையும் தொறந்து பாத்தேன். அங்க எல்லாம் தலைகீழா இருக்கு. பின்னாடி பிரேக் ஷூ சுத்தமாத் தேஞ்சு இரும்பு தெரியுது. ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்த மட்டும்தான் பிடிக்கும், அதோட கேபிள் தொளதொளன்னு தொங்குது. "என்ன மாப்ள, ஹேண்ட் பிரேக்கப் போட்டுக்கிட்டே ஊர் சுத்தறீங்களா"ன்னு கேட்டேன். "மறந்துடறேன் மச்சான், வயசாகுதில்ல"ன்னு சிரிச்சாரு. நானும் கூட சேந்து சிரிச்சேன். நாப்பத்தாறு வயசு. என்ன விட மூணு வயசு சின்னவரு.

... சொல்றேன், வரேன், இன்னிக்குத்தான் வரேன்.

காலையில பிள்ளைங்கள இறக்கிட்டு நேரா இங்கதான் வந்தாரு. ஸ்கூல் கேட்டுகிட்ட வண்டி கொஞ்சம் தள்ளிப் போய் நின்னுச்சுன்னாரு. எவ்வளவு மாப்ளன்னேன். கொஞ்சம்னாரு. நான் குனிஞ்சு வண்டியோட முன்பக்க பம்பரப் பாத்தேன். இடுக்குல சிவப்பு பிளாஸ்டிக் துண்டு மாட்டிக்கிட்டு இருக்கு... வாட்ச்மேன் உக்கார்ற ஸ்டூலு... இல்ல, இல்ல, அந்தாளுக்கு ஒண்ணும் ஆகல. கேட்டத் தொறக்க எந்திரிச்சுப் போயிருக்காரு. போயி ஒரு நிமிஷம் கூட ஆகலியாம்...

பாப்பா?... உன்கிட்ட சொல்லலியா... ஆமா, வண்டியில ஆறு பிள்ளைங்களும் உள்ளதான் இருந்துச்சுங்க.

என் கை வேலையிலதான் ஏதோ தப்புன்னு நினைச்சேன். இருபத்தஞ்சு வருஷமா ஸ்பானர் பிடிக்கறேன், தங்கச்சி புருஷன் வண்டிக்கு ஒரு பிரேக்க சரி பண்ணத் துப்பு இல்லையான்னு. நானே எடுத்து ஓட்டினேன், அவரப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு. கால வெச்சதுதான் தெரியும், வண்டி பக்குனு நிக்குது. அவரு தலை முன்னாடி போய் இடிக்கப் பாத்துச்சு. "இதுவா பிடிக்கல"ன்னேன். "உங்களப் பாத்தா ஒழுங்கா இருக்கு மச்சான், உங்க மேல அதுக்கு பயம்"னாரு. சரி, நீங்க ஓட்டுங்கன்னு மாறி உக்காந்தேன்.

... ம். ஓட்டினாரு.

முக்குல ஒரு அம்மா சைக்கிளத் தள்ளிக்கிட்டு ரோட்டக் கடக்குது. நல்ல தூரம் இருக்கு. நான் ரோட்டப் பாக்கல பாப்பா, அவரு மூஞ்சியப் பாத்தேன். பல்லக் கடிக்கறாரு. கழுத்து நரம்பு புடைக்குது. ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு உடம்பையே முன்னாடி தள்ளறாரு, பாரம் ஏத்தற ஆள் மாதிரி. வண்டி அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு. கடைசியில ஹேண்ட் பிரேக்க இழுத்தாரு. வண்டி சர்ருன்னு இழுத்துக்கிட்டுப் போய் நின்னுச்சு. அந்த அம்மா எங்களத் திட்டிட்டுப் போகுது. அவரு என்னத் திரும்பிப் பாத்து, "பாத்தீங்களா மச்சான், பிடிக்கவே இல்ல"ங்கறாரு.

...

இன்னும் இருக்கு, கேளு.

ஷெட்டுக்குக் கொண்டாந்து ஜாக்கி வெச்சு முன்சக்கரத்தக் கழட்டினேன். இஞ்சின ஓட விட்டு, அவர உள்ள உக்கார வெச்சு, "அமுக்குங்க மாப்ள"ன்னேன். நான் கீழ உக்காந்து, பேடு கவ்விப் பிடிக்கற டிஸ்க்கக் கையால சுத்திப் பாக்கறேன். சுத்துது. நல்லா அமுக்குங்கன்னேன். "அமுக்கிட்டுதான இருக்கேன்"ங்கறாரு. இன்னும்னேன். "முழுசா அமுக்கிட்டேன் மச்சான்"னு கத்தறாரு. என் கையில அது ஃபேன் மாதிரி சுத்துது பாப்பா.

எந்திரிச்சுப் பாத்தா, பின்பக்க செவுத்துல பிரேக் லைட் சிவப்பா விழுது. அதாவது கால் பெடல் மேலதான் இருக்கு. லைட் எரியற அளவுக்கு இருக்கு, வண்டி நிக்கற அளவுக்கு இல்ல. அவரு பொய் சொல்லல. அமுக்கறதா நினைச்சுக்கிட்டு இருக்காரு. நான் கதவுக்குள்ள கை விட்டு, அவரு முட்டி மேல என் கையை வெச்சு அமுக்கினேன். பெடல் கொஞ்சம் போய் கிண்ணுன்னு நின்னுச்சு. எந்தக் குறையும் இல்ல. அந்த முட்டி... பேன்ட்டுக்குள்ள ஒண்ணுமே இல்ல பாப்பா. வெறும் எலும்பு.

அப்புறம் கீழ பாத்தேன். வலது கால் செருப்பு முனை மட்டும் தேஞ்சு நாராக் கிடக்கு, இழுத்து இழுத்து நடந்து. இதெல்லாம் நான் பாக்கவே இல்லையே. நான் வண்டியத்தான் பாத்தேன்.

வண்டியில ஒண்ணும் இல்ல பாப்பா. அவரு கால்லதான் பலம் இல்ல.

...

பாப்பா...

என்ன "ம்"? நான் இவ்வளவு சொல்றேன், நீ வெறும் "ம்"ங்கற. என்னண்ணா சொல்றன்னு ஒரு வார்த்தை கேக்கல...

தெரியுமா உனக்கு?

...

எப்பலேர்ந்து?

... ரெண்டு மாசமா. ரெண்டு மாசமா பாப்பா...

இரு, இரு, அழுதுக்கிட்டே சொன்னா எனக்குப் புரியாது. மெதுவாச் சொல்லு... பாத்ரூம்ல விழுந்தாரா... ரெண்டு தடவை... ம்... அதுக்கப்புறம்தான் டாக்டரா... தசைக்குள்ள ஊசி குத்திப் பாத்தாங்களா... ம்... என்ன பேரு?... திருப்பிச் சொல்லு... விடு, எனக்கு வாயில நுழையல. நரம்பு விஷயமா. சரி. அதுக்கு என்ன மருந்து?

...

மருந்து இல்லன்னா என்னம்மா அர்த்தம். எல்லாத்துக்கும் ஏதாவது ஒண்ணு இருக்கும்ல... இருக்கா, என்ன பண்ணும் அது... கொஞ்சம் மெதுவாக்கும். அவ்வளவுதானா. வேற பெரிய டாக்டரா... மூணு பேரப் பாத்துட்டீங்களா. மூணு பேரும் அதையேதான் சொன்னாங்களா... ம்... ம்... முதல்ல கால்... அப்புறம்... வேண்டாம், போதும், அதுக்கு மேல சொல்லாத. மூச்சு வரைக்கும் சொல்லிட்ட, போதும்.

...

ஏன் என்கிட்ட சொல்லல? ரெண்டு தெரு தள்ளி இருக்கேன்... அவரு சத்தியம் வாங்கிக்கிட்டாரா. பெரியவளுக்குத் தெரியுமா?... பெத்த பொண்ணுக்கும் தெரியாது. சரி. அதெல்லாம் உங்க வீட்டு விஷயம், நான் கேக்கல. ஆனா ஆறு பிள்ளைங்க பாப்பா. ஆறு வீட்டுல காலையில தலை சீவி, டை கட்டி, இவரு கையில ஒப்படைக்கறாங்க. நீ தெரிஞ்சுக்கிட்டே எப்படி அனுப்பின? ஸ்டூல்ல அந்தாள் உக்காந்திருந்தா என்ன பண்ணியிருப்ப? சைக்கிள் அம்மா ரெண்டடி இந்தப் பக்கம் வந்திருந்தா? நீ பாட்டுக்கு அங்க புஸ்தகத்துக்கு அட்டை ஒட்டிக்கிட்டு இருக்க...

...

சரி. சரி, நான் பேசினது தப்பு. தப்பு, விடு. நீயும்தான் என்ன பண்ணுவ... ம்... ம்... ஸ்கூல் பரீட்சை முடியற வரைக்கும் ஓட்டறேன்னாரா... வண்டிலதான் குறை, கால்ல ஒண்ணும் இல்ல, மச்சான் பாத்துட்டாரு, சரியாயிடுச்சுன்னு உன்கிட்ட வந்து சொன்னாரா...

என்ன சொன்ன, திருப்பிச் சொல்லு.

...

நான் வண்டியில குறை கண்டுபிடிக்கற அன்னிக்கெல்லாம் நல்லாத் தூங்கினாரா.

ஐயோ பாப்பா. ரெண்டு தடவை கண்டுபிடிச்சுக் குடுத்தேனே. ஒண்ணுமே இல்லாத வண்டியில காத்துன்னேன், ரப்பருன்னேன். பழைய ரப்பரக் கையில எடுத்துக் காமிச்சேன் அவருக்கு, "பாருங்க மாப்ள, இதான் வில்லன்"னு. அத வாங்கிப் பாத்துட்டு சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போனாரு. எதுக்குன்னு நினைச்சேன்... உன்கிட்ட காமிச்சாரா... ம்.

...

இரு. சலூன்காரன் நுரையத் துடைக்கறான். இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கு போல.

கேளு, நான் ஒண்ணு யோசிச்சேன். காலால முடியாதவங்களுக்குக் கையால பிரேக் பிடிக்கற மாதிரி ஒரு லிவர் இருக்கு. ஒரு ராடு, பெடலோட சேத்து, ஸ்டியரிங் பக்கத்துல வந்துடும். கையால தள்ளினா பிரேக், இழுத்தா ஆக்சிலேட்டர். நானே வெல்டிங்காரரு கூட உக்காந்து செஞ்சுடுவேன், ரெண்டு நாள் வேலை. முறையாப் போய் லைசென்ஸுலயும் எழுதிக்கலாம். பிள்ளைங்க வேண்டாம், அது முடிஞ்சு போச்சு, ஆனா அவரு மட்டும் ஓட்டிக்கிட்டு, உன்ன வேலைக்குக் கொண்டு விட்டுட்டு... என்ன?...

கையுமா?

... எப்பலேர்ந்து... சட்டை பட்டன் நீயா போட்டு விடற... டம்ளர்... ம்... விரல்ல பிடிப்பு நிக்கல... ஹேண்ட் பிரேக்கெல்லாம் அப்படி இழுத்தாரே... விரலால இல்லையா. மணிக்கட்டுல மாட்டி இழுக்கறாரா.

அதான் ஷேவிங்குக்கு சலூனா.

மாசம் ஒரு தடவை போறவரு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போறாரே, மாப்ளைக்கு என்ன திடீர்னு அழகு மேல ஆசைன்னு காலையிலதான் கிண்டல் பண்ணேன்.

...

அப்ப லிவர் வேண்டாம். சரி.

... ம்... இல்ல பாப்பா, இருக்கேன். யோசிக்கறேன். வண்டின்னா எங்க குறைன்னு தேடுவேன், அந்த இடத்தக் கழட்டிப் போட்டுட்டு வேற ஒண்ணு மாட்டுவேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவ்வளவுதான்.

சாவி என் பையிலதான் இருக்கு. குடுக்க மாட்டேன். கால்ல விழுந்தாலும் குடுக்க மாட்டேன், அத மட்டும் சொல்லிடறேன்... ஆமா, மூணு மணிக்கு மேல ஸ்கூல் விடுவாங்க, தெரியும். நான் போறேன். என் வண்டியில ரெண்டு நடை அடிக்கறேன்... நாளைக்கா. நாளைக்கு... தெரியல. ஒவ்வொரு வீட்டுக்கும் போய் சொல்லித்தான் ஆகணும். நான் போறேன், நீ போக வேண்டாம்.

... என்னது?... பொய்யா?

அதாவது, வண்டி முடிஞ்சு போச்சு, பார்ட்ஸே கிடைக்காதுன்னு நான் சொல்லணும். அப்படித்தானே... அவரு காலச் சொல்லக் கூடாது... பாப்பா, அவரு குழந்தையா? இந்த வண்டி இல்லன்னா இன்னொரு வண்டி கேப்பாரு. அதுக்கு என்ன சொல்ல... எத்தனை நாளைக்கு சொல்ல... ம்... ம்... ஒரு வாரமா. ஒரு வாரத்துல என்ன மாறிடப் போகுது...

சரி அழாத. அழாதம்மா... பேரு வெச்ச நாள்லேர்ந்து நீ கேட்டத நான் இல்லன்னு சொன்னதில்ல. சொல்றேன். வண்டிதான் போச்சுன்னு சொல்றேன். முதல் ரெண்டு தடவை தெரியாம சொன்னேன், இந்தத் தடவை தெரிஞ்சு சொல்றேன், அவ்வளவுதான்.

...

எந்திரிச்சுட்டாரு. கதவுகிட்ட நிக்கறாரு. பஸ் போகட்டும்னு நிக்கறாரு போல... இல்ல, பஸ் போயிடுச்சு, இன்னும் நிக்கறாரு. படி இறங்கணும். ஒத்தப் படிதான்... கதவப் பிடிச்சுக்கிட்டாரு... இறங்கிட்டாரு. வராரு. நீ வெச்சுடு... ஏன், வெச்சுடேன்... சரி, இரு, பேசாம இரு. மூக்க உறிஞ்சாத, வெளிய கேக்கும்.

...

ஆமா சார். சொல்லுங்க சார்... அதான் சார், அந்த மாடலுக்கு முழு பிரேக் செட்டு... இல்லையா... எங்கயுமே இல்லையா... கம்பெனியே நிறுத்திட்டானா. அடப்பாவமே... வாங்க மாப்ள, உக்காருங்க, பளிச்சுன்னு ஆயிட்டீங்க... ஸ்பேர் பார்ட்ஸ் கடைதான்... ஆமா சார், பழசு ஏதாவது... பழசும் கிடைக்காதா. அப்ப இந்த வண்டிய எடுக்கவே கூடாதுங்கறீங்க. ரோட்டுல இறக்கவே கூடாது... சரிங்க சார். அவருகிட்ட நான் சொல்லிக்கறேன் சார்...

என்ன மாப்ள?

... கடைக்காரர்தான் மாப்ள. மெயின் ரோட்டுல இருக்காரே... ஏன், மூக்கு உறிஞ்சற சத்தமா... அவருக்கு ஜலதோஷம்...

...

ஆமா. பாப்பாதான்.

...

இல்ல மாப்ள, அவ ஒண்ணும் சொல்லல... நீங்க உக்காருங்க முதல்ல, நிக்காதீங்க... இந்தாங்க, ஸ்டூல இழுத்துப் போடறேன்... பாப்பா, லைன்லயே இரு, வெச்சுடாத.

... சொல்லுங்க. பிள்ளைங்கள நான் போய்க் கூட்டிட்டு வரணுமா, சரி. எழுதிக்கணுமா? எதுல எழுத... இருங்க, இந்தப் பேடு டப்பா மேல எழுதறேன்... ம், மூணு இருபது. பெரிய கேட்டு இல்ல, பின்பக்க கேட்டு... ரெட்டைப் பொண்ணுங்க முதல்ல வெளிய வருவாங்க... ஓடி வருவாங்க, நான் இறங்கி நின்னு கையப் பிடிச்சுக்கணும்... சரி... கண்ணாடி போட்ட பையன் ஜன்னல் பக்கம், இல்லன்னா வாந்தி எடுப்பான்... குட்டிப் பையன் தூங்கிடுவான், மாடி வரைக்கும் தூக்கிட்டுப் போய் விடணும்... நீங்க தூக்கிட்டுப் போவீங்களா... இப்ப இல்லையா. சரி. அவங்க அம்மா இறங்கி வராங்களா... சரி மாப்ள. நான் தூக்கிட்டுப் போறேன்... ஆறாவது யாரு... ம்... எழுதிட்டேன்.

... எல்லாம் எழுதிட்டேன் மாப்ள. வேற?

...

பாப்பா. இருக்கியா?... உன்ன ஒண்ணு கேக்கச் சொல்றாரு... இல்ல, கோபமெல்லாம் இல்ல. கைய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, அமைதியாத்தான் இருக்காரு. மதியம் சாப்பிட்டியான்னு கேக்கச் சொல்றாரு.

...

சாப்பிட்டியான்னுதான் கேக்கறாரு பாப்பா... சாப்பிட்டேன்னு சொல்லட்டுமா?... பாப்பா...

...

வெச்சுட்டா மாப்ள.